மூணாவது சீட்டு கிருஷ்ணவேணி

அதில்ல சார், நீங்க சொன்னது எனக்கு நல்லா புரிஞ்சிடுச்சி. ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு நம்பரு இருந்துச்சாம். அது தன் வீட்ட உட்டுட்டு அடுத்தவங்க லைன்ல ஏறிக்கினு ஊரு ஊரா சுத்துச்சாம். ஒரு நாளு போன் கம்பெனிக்காரரு வாசல்லயே மடக்கி, நீ யாரு வீட்டுப் புள்ளன்னு கேட்டாராம். அது அங்கயே முழிச்சிக்கினு நின்னுச்சாம். இவ்ளோதான சார் கத? பாருங்க, சிரிச்சிட்டீங்க. வந்ததுலேர்ந்து உர்ருன்னு இருந்தீங்க.

எழுந்துக்கறேன் சார், எழுந்துக்கறேன். அப்ளிகேஷன் வாங்கிக்கினீங்க, சீல் போட்டுக் குடுத்தீங்க, பதினஞ்சு நாளாவும்னு சொல்லிட்டீங்க. இன்னும் இந்தப் பொண்ணு ஏன் சேர உட்டு நவுரலன்னுதான பாக்கறீங்க? வெளிய வெயிலு மண்டையப் பொளக்குது சார். சித்திர இப்பதான் பொறந்துது, அதுக்குள்ள விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல கால வெக்க முடியல. உங்க ரூம்ல ஏசி ஓடுது. கரண்டு போனாலும் ஜெனரேட்டர்ல ஓடுது. எங்க திண்டிவனத்துல கரண்டு எப்ப வருதுன்னு பாத்துதான் மாவே அரைக்கறோம். கொஞ்ச நேரம் இப்பிடி ஓரமா உக்காந்துக்கினு போறேனே. உங்க டீ ஆறிடப்போவுது, குடிங்க. எனக்கு வேணாம் சார். சரி, இவ்ளோ சொல்றீங்க, அரை கிளாஸ்.

என் பேரா? துர்கா. அப்ளிகேஷன்ல ஓனர் வேணு சார் பேருதான் இருக்கும். பேசத் தெரிஞ்ச பொண்ணு போனாதான் வேல நடக்கும்னு அவருதான் அனுப்பனாரு. கால் சென்டர்னு போட்டிருக்கறதப் பாத்து பெருசா நெனச்சிடாதீங்க. பழைய அரிசி மண்டி மேல ஒரு மாடி, ஆறு சீட்டு, அவ்ளோதான். பாண்டிச்சேரியில ஒரு சுகர் ஆஸ்பத்திரி இருக்குது. அங்க வைத்தியம் பாக்கறவங்களுக்கு நாங்க போன் போட்டு, மாத்திர முடிஞ்சிடுச்சா, அடுத்த டெஸ்டுக்கு என்னிக்கி வர்றீங்கன்னு ஞாபகப்படுத்தணும். எங்க லைனு திண்டிவனம் நம்பரு. அது செல்லுல வந்தா எவன் சார் எடுப்பான்? லோனு வேணுமான்னு கேக்கற பொண்ணுன்னு நெனச்சிக்குவான். அதனால எங்க சூப்பர்வைசரு பார்த்திபன் எங்க லைனெல்லாம் வந்து சேர்ற பொட்டியில ஆஸ்பத்திரி நம்பர அடிச்சி வெச்சிட்டாரு. போறது எங்க லைனு, காட்டறது ஆஸ்பத்திரி நம்பரு. இத்தினி நாளா யாரும் ஏன்னு கேக்கல.

எங்க ஊரு மார்க்கெட் கமிட்டி பாத்திருக்கீங்களா? மல்லாட்ட சீசன்ல வேர்க்கடல மூட்ட வண்டி வண்டியா வந்து நிக்கும். மூட்ட மேல பேரு எழுதின சீட்டு கட்டியிருக்கும். நீங்க இத்தினி நாளா சீட்ட மட்டும் பாத்து உள்ள உட்டுக்கினு இருந்தீங்க. எவன் மூட்டையில எவன் பேரு இருந்தாலும் கவலயில்ல. இப்ப வாசல்ல ஒருத்தர நிக்க வெச்சிட்டீங்க. அவரு சீட்டப் பாக்கறாரு, வண்டிக்காரன் மூஞ்சியப் பாக்கறாரு, இவனுக்கு நாம குடுத்த பேரு இதுதானான்னு பாக்கறாரு. இல்லன்னா வண்டிய அப்பிடியே திருப்பிடறாரு. அந்தப் பக்கம் மணிகூட அடிக்காது. சரியா சொன்னனா? கொஞ்சம் தப்பா? ஓ, ஒரு பேரு இல்ல, ஒரு லைனுக்கு வரிசையா நூறு நம்பரு குடுத்திருப்பீங்க, அதுல எது காட்டனாலும் உடுவீங்க. சரி சரி. ஆஸ்பத்திரிக்காரங்க, ஆமா எங்க நம்பர இவங்க காட்டலாம்னு லெட்டர் குடுத்தா, அதயும் அந்த வரிசையில சேத்துக்குவீங்க. அதுக்குதான் பதினஞ்சு நாளு. புரியுது.

தப்பு சொல்லல சார். அந்தப் பொட்டியில நம்பர் மாத்தறது எவ்ளோ சுலுவு தெரியுமா? எங்க ஆபீஸ்ல பாஞ்சாலின்னு ஒருத்தி. ஒரு நாளு மத்தியானம் சாப்புட்டுக்கினு இருக்கா. பார்த்திபன் வேணும்னே ஓனர் நம்பர அடிச்சி அவ செல்லுக்குப் போட்டாரு. வேணு சார் மாதிரியே தொண்டையக் கனைச்சிக்கினு, ஜல்தி கீழ வாம்மான்னாரு. நம்பரு ஓனர் நம்பரு, சந்தேகமே வரல. எச்சக் கையோட, கேப்பக் களி விரல்ல ஒட்டிக்கினு இருக்க, தடதடன்னு இறங்கி ஓடனா. கீழ வேணு சாரு வண்டி தொடச்சிக்கினு இருக்காரு. சார் கூப்பிட்டீங்களேன்னு நின்னா. நான் எங்கம்மா கூப்பிட்டேன், சரி வந்ததும் வந்த, அந்த ஈரத்துணிய எடுன்னாரு. நாங்க மாடியில கம்பியப் புடிச்சிக்கினு சிரிக்கறோம், சிரிக்கறோம், அப்பிடி சிரிக்கறோம்.

ஆனா நேத்து நீங்க போன்ல அந்த வானூர்ப் பெரியவரு கத சொன்னீங்களே, அதுக்கப்புறம் அந்த சிரிப்பு வரல சார். பேங்க் நம்பரே வந்துச்சாம். அவரு வெவரமா பாஸ் புக்க எடுத்து, பின்னாடி இருக்கற நம்பரயும் செல்லுல வந்த நம்பரயும் ஒண்ணொண்ணா ஒத்துப் பாத்துட்டு, அப்புறம்தான் கார்டு வெவரம் சொன்னாராமே. அவ்ளோ உஷாரா இருந்ததாலதான் மாட்டிக்கினாரு, பாவம். நீங்க மூடனது நல்ல காரியம். நான் தெறந்து உடுங்கன்னு கேக்க வரல.

அப்புறம் எதுக்கு உக்காந்துக்கினு இருக்கேனா? கிருஷ்ணவேணிக்காக சார்.

எங்க ஆபீஸ்ல கிருஷ்ணவேணின்னு ஒருத்தி. இன்னிக்கி வெள்ளிக்கெழம இல்லயா, இன்னிக்கி ஒருத்தங்களுக்கு போன் பண்றேன்னு வாக்கு குடுத்திருக்கா. பதினோரு மணிக்கு கொல்லியில பயிரு வேலய முடிச்சிக்கினு வீட்டுக்கு வந்துடுவேன், அப்ப கூப்பிடுன்னு அவங்க சொல்லியிருக்காங்க. ஆஸ்பத்திரி நம்பரு வந்தாதான் அந்தம்மா எடுப்பாங்க. புது நம்பரு எதுவும் எடுக்காதம்மான்னு அவங்க பொண்ணு கண்டிஷனா சொல்லி வெச்சிருக்குது. நீங்க புதங்கெழம சாயந்திரம் கதவ மூடிட்டீங்க. இன்னிக்கி போன் போவலன்னா ஒரு குடும்பத்துக்கு கல்யாணப் பத்திரிக்க போவாது. அவ்ளோதான் விஷயம்.

அவளே வந்து கேக்கக்கூடாதான்னா எப்பிடி சார் வருவா? எங்க ஆபீஸ்ல பேரு ஆளுக்குக் கெடையாது, சீட்டுக்கு. மொத சீட்டுல உக்காந்தா போன்ல அவ பேரு லட்சுமி. ரெண்டாவது சாந்தி. மூணாவது கிருஷ்ணவேணி. பாஞ்சாலி போன்ல கோமதி. பொண்ணுங்க கல்யாணமாயிப் போவாங்க, புதுசா வருவாங்க. பேஷண்டுக்கு மாசாமாசம் அதே பேரு பேசனாதான நம்பிக்க வரும்? அதனால பேரு சீட்டோட ஒட்டிக்கினு இருக்கும், பொண்ணுதான் மாறும். நம்பர் மாதிரியேதான் சார், அதுவும் சொந்தமில்ல. இப்ப யாரு மூணாவது சீட்டுலன்னா, யாரா இருந்தா இன்னா? ஒரு பொண்ணு. பேச்சுக்கு கிருஷ்ணவேணின்னே வெச்சிக்குவோம்.

அவகிட்ட வந்த பேஷண்டுதான் கண்டமங்கலம் அம்மணி. நாப்பத்தஞ்சு வயசிருக்கும். சொந்தக் கொல்லியில மல்லாட்ட போடறாங்க, கட்டையும் நெட்டையுமா ரெண்டு மாடு, கட்டிக் குடுக்கற வயசுல வெண்ணிலான்னு ஒரு பொண்ணு. மொத மாசம் போன் பண்ணி, வணக்கம்மா, ஆஸ்பத்திரியிலேர்ந்து கிருஷ்ணவேணி பேசறேன், மாத்திர ஒழுங்கா போட்டுக்கறீங்களான்னு கேட்டா. போட்டா நாக்கு கசந்துக்கினு ஒரு நாளெல்லாம் நிக்குதும்மா, தூக்கிப் போட்டுட்டேன்னு அந்தம்மா சொன்னாங்க. இவ உடனே, அப்பிடின்னா கொஞ்சூண்டு வெல்லத்துக்குள்ள வெச்சி முழுங்கிடுங்கன்னுட்டா.

நீங்களே சிரிக்கறீங்க பாருங்க. சுகர் பேஷண்டுக்கு வெல்லம்! பார்த்திபன் பக்கத்துல ஹெட்போன் மாட்டிக் கேட்டுக்கினு இருந்தவரு சேரோட பின்னாடி சாஞ்சிட்டாரு. ஆஸ்பத்திரிக்குத் தெரிஞ்சா ஆறு சீட்டையும் கவுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போவ வேண்டியதுதான்னு ஒரே பேஜாரு. அந்தப் பக்கம் அந்தம்மா சிரிச்சாங்களாம். சரி கண்ணு, நீ சொன்னா போட்டுக்கறேன், வெல்லமில்லாமலே போட்டுக்கறேன்னாங்களாம். அன்னியிலேர்ந்து அந்தம்மா ஒரு வேள தவறல. டெஸ்டுலகூட சுகரு எறங்கிடுச்சி. பார்த்திபனே சொல்லிட்டாரு, கண்டமங்கலம் அம்மணி மூணாவது சீட்டுக்குதான் போவணும், வேற யாரும் தொடாதீங்கன்னு.

மாத்திர பேச்சு ஒரு நிமிஷந்தான். அதுக்கப்புறம் தங்கச்சி பேச்சு.

ஆமா சார், அந்தம்மாவுக்கு ஒரு தங்கச்சி. அம்மாக்காரி சின்ன வயசுலயே போயிட்டாங்க. பதினேழு வயசு வித்தியாசம், அக்காதான் தூக்கி வளத்தாங்க. அண்ணன் தம்பி கெடையாது. தங்கச்சியத் திண்டிவனம் பக்கம் கட்டிக் குடுத்தாங்க. அதுக்கு ஒரு பொண்ணு பொறந்துச்சி. மயிலம் முருகன் கோயில்ல மொட்ட போட்டு காது குத்தறாங்க. தாய்மாமன் மடியிலதான குழந்தைய உக்கார வெக்கணும்? தாய்மாமனே இல்ல. நாந்தான்டி தாய்மாமன்னு அக்கா பட்டுப்பொடவ கட்டிக்கினு, சீர்த் தட்ட எடுத்துக்கினு வந்து சம்மணம் போட்டு உக்காந்துட்டாங்க. மாப்பிள வீட்டுல கொஞ்சம் முணுமுணுப்புதான், ஆனா யாரும் எதுத்துப் பேசல. பத்தரு ஊசிய எடுத்தாரு. எடுத்ததுதான் தாமசம், மொட்டத் தல அலறிக்கினு பெரியம்மா மடியிலேர்ந்து எகிறிக் குதிச்சி ஓடுச்சி. ஓடிப்போய் எங்க உக்காந்துச்சி தெரியுமா? பெரியதம்பின்னு மாப்பிளைக்கு சித்தப்பா மவன் ஒருத்தரு, ஓரமா பிஸ்கோத்து தின்னுக்கினு இருந்தாரு. அவரு மடியில. பத்தரு பாத்தாரு. நல்ல நேரம் முடியப்போவுது, குழந்த வாயில பிஸ்கோத்து இருக்குது, அழுவல. அங்கயே நறுக்குன்னு ரெண்டு காதையும் குத்திட்டாரு.

மண்டபமே சிரிச்சிது. யாரு மேலயும் தப்பில்ல சார், நீங்க இருந்தாலும் சிரிச்சிருப்பீங்க. பெரியதம்பி ஒண்ணும் புரியாம மிச்ச பிஸ்கோத்த பத்தருக்கு நீட்டறாரு. அக்கா மட்டும் மடிய விரிச்சி வெச்சிக்கினு அப்பிடியே உக்காந்திருக்காங்க. தங்கச்சியும் சிரிச்சிட்டா. வாயில முந்தானையப் பொத்திக்கினுதான் சிரிச்சா, ஆனா தோளு குலுங்கிச்சாம். அக்கா எழுந்தாங்க. தட்ட அங்கயே உட்டுட்டு படியெறங்கி, விழுப்புரம் பஸ்ல ஏறிட்டாங்க.

ஊரே சிரிச்சிது, போவட்டும், அவளும் சிரிச்சா பாருன்னு மாசாமாசம் கிருஷ்ணவேணிகிட்ட இத சொல்வாங்க. இவளும் ம், ம்னு கேட்டுக்குவா. ஒரு மாசம் சொன்னாங்களாம், உன் கொரலு எந்தங்கச்சி கொரலு மாதிரியே இருக்குது, ஆனா நீ மரியாதையா பேசற.

இன்னும் ஒண்ணு சொல்வாங்களாம். தொண்ணூத்தி மூணுல எங்க ஊர்ல பங்க் கடையில ஒரே ஒரு போனு. மணி அடிச்சா யாருன்னு எவனுக்குத் தெரியும்? எடுத்து அலோன்னாதான் தெரியும். சண்டக்காரியாவே இருந்தாலும் அலோன்னு சொல்லிட்டபிறவு இன்னா பண்றது, ஒரு வார்த்த பேசித்தான் ஆவணும். பேசனா ரெண்டாவது வார்த்த தானா வரும். இப்ப மூஞ்சிக்கு முன்னாடி நம்பரு வந்து நிக்குது, யாருன்னு தெரிஞ்சி போவுது. சண்ட பாட்டுக்கு நீண்டுக்கினே போவுதும்மான்னு. நல்லா சொன்னாங்கல்ல சார்? உங்க கம்பெனி போர்டுல எழுதி வெக்கலாம்.

தங்கச்சி பேர செல்லுலேர்ந்து அழிச்சிட்டாங்களாம். இப்ப வந்தா வெறும் நம்பருதான் வரும்னாங்களாம். அப்பிடின்னா யாருன்னு எப்பிடிம்மா தெரியும்னு கிருஷ்ணவேணி கேட்டா. அந்த நம்பரு எனக்கு மனப்பாடம்னாங்களாம். கேட்டுட்டு அவ ஹெட்போனக் கழட்டி வெச்சிட்டு பாத்ரூம் பக்கம் போயிட்டா. பார்த்திபன் பிரேக் டைமுல கழிச்சிக்குவேன்னாரு.

தங்கச்சி கூப்பிடவே இல்லயான்னா, கூப்பிட்டா சார். அந்த சமயத்துல ரெண்டு வாட்டி கூப்பிட்டா. ரெண்டு வாட்டியும் கட் பண்ணிட்டாங்க. இதுல ஒரு கூத்து இருக்குது. நல்லா இருந்த காலத்துலயும் அக்கா போன எடுக்க மாட்டாங்க. தங்கச்சி கூப்பிட்டா கட் பண்ணிட்டு இவங்க திருப்பிக் கூப்பிடுவாங்க. சின்னப் பொண்ணு காசு கரையக்கூடாதாம். ஆனா சண்டைக்கப்புறம் கட் பண்ணா அது வேற கட்டு இல்லயா? தங்கச்சியும் ரோஷக்காரி. ரெண்டாவது கட்டு வந்ததும், போன ஆஃப் பண்ணி அரிசிப் பானைக்குள்ள போட்டு மூடிட்டா. ரெண்டு நாளு கழிச்சி சோறு வடிக்க அரிசி அள்ளறப்ப படியோட போனும் வந்துச்சி.

இன்னா கேட்டீங்க? அதுக்கப்புறம் அக்கா திருப்பிக் கூப்பிட்டாங்களான்னா? போனுதான் பானையில இருந்துச்சே சார், அதெப்பிடித் தெரியும்?

...நீங்க ஏன் இத கேட்டீங்க? இல்ல, இத்தினி நாளா இது யாருக்கும் தோணல. அதான்.

இருங்க, முக்கியமானது சொல்லிடறேன். போன வாரம் கிருஷ்ணவேணி கூப்பிட்டா. அந்தம்மா மாத்திர பேச்செல்லாம் எடுக்கவே உடல. வெண்ணிலாவுக்கு வைகாசியில கல்யாணம் கண்ணு, பத்திரிக்க அடிச்சாச்சி, எந்தங்கச்சியக் கூப்பிடலாமா வேணாமா, நீ சொல்லுன்னாங்க. உங்களுக்குத் தெரியாததா சார், அந்த அலமாரி மேல மஞ்சத் தடவின பத்திரிக்கக் கட்டு இருக்குதே, உங்களுதுதான? அரிபிரசாத்னு போட்டிருக்குது. நீங்களும் வைகாசியா? நல்லது. சொந்தத்துக்கு போன்ல சொன்னா யாராவது வருவாங்களா? நேர்ல போவணும். வெத்தல பாக்கு, பழம், குங்குமத்தோட தட்டுல வெச்சிக் குடுக்கணும். அந்தம்மா சொன்னாங்க, நான் தட்ட எடுத்துக்கினு அவ வாசல்ல போய் நிப்பேன், கதவ சாத்திட்டான்னா எம்பொண்ணு கல்யாணத்துக்கு அது அபசகுனம். எனக்கு இத கேக்க ஆளு கெடையாது. நீ படிச்ச பொண்ணு, வெளியாளு, யோசிச்சி நியாயமா சொல்லுன்னு.

அப்பவே சொல்லியிருக்கலாமேன்னா, சொல்லியிருக்கலாம் சார். போய் பத்திரிக்க வெய்யுங்கம்மான்னு நாலு வார்த்த. ஹெட்போன் வயர விரல்ல சுத்திக்கினே இருந்தா. பார்த்திபன் வேற பின்னாடி நின்னு, கால் நீளுது நீளுதுன்னு சேரத் தட்டறாரு. வெள்ளிக்கெழம பதினோரு மணிக்கு யோசிச்சி சொல்றேம்மான்னு வெச்சிட்டா. வெள்ளிக்கெழமைக்கு முன்னாடி புதங்கெழமைன்னு ஒண்ணு இருந்துச்சே.

நேத்து பூரா போட்டுப் பாத்தா சார். டொய்ங்னு ஒரு சத்தம், அவ்ளோதான். பார்த்திபன் லைனு அவுட்டுன்னாரு, வேணு சாரு மழன்னாரு. சித்திரையில எங்க சார் மழ? அப்புறம்தான் நீங்க பேசனீங்க.

உங்க டேபிள் போன்லேர்ந்தா? நல்ல மனசு சார் உங்களுக்கு. ஆனா புது நம்பரு, எடுக்க மாட்டாங்க. ஆஸ்பத்திரிக்கே போய் அங்கேர்ந்து பண்ணலாம்தான். பஸ் ஏறி பாண்டிச்சேரி போறதுக்குள்ள பதினொண்ணு தாண்டிடும். பத்து அம்பது ஆயிடுச்சி பாருங்க. போன் வரலன்னா அதையே பதிலா எடுத்துக்குவாங்க. வெளியாளுகூட வேணாம்னு சொல்லிட்டா போலன்னு தட்டத் திருப்பி உள்ள வெச்சிடுவாங்க. அவங்க சுபாவம் அப்பிடி.

அந்தத் தங்கச்சியே கூப்பிடட்டுமேன்னு சொல்றீங்க. அவ லைனு, அவ நம்பரு, உங்க வாசல்ல யாரும் மடக்க மாட்டாங்க. சரிதான். காட்டற நம்பரு அவங்கவங்களுதா இருக்கணும், அதான உங்க சட்டம்.

அவளத் தெரியுமாவா? நல்லா தெரியும் சார். காலைல அவளுக்கு நாந்தான் தல வாரிப் பின்னி உட்டேன். கிருஷ்ணவேணிக்கும் நாந்தான் பின்னி உட்டேன். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே சடதான், ஒரே முழம் பூவுதான். இதோ, வாடிப்போய் தொங்குது பாருங்க.

ஏன் சார் அப்பிடிப் பாக்கறீங்க. டீ குடிங்க.

உங்ககிட்ட வேற ஒண்ணும் கேக்கல. தனியா இருந்தா இந்த நம்பர அழுத்த மாட்டேன். பஸ் ஸ்டாண்டுல எடுத்தேன், பைக்குள்ள வெச்சேன். உங்க வாசல்ல எடுத்தேன், மறுபடியும் வெச்சேன். எதிர்ல ஒரு ஆளு இருந்தா அழுத்திடுவேன்னு தோணுச்சி. அதுக்குதான் இவ்ளோ நேரம் வாயடிச்சிக்கினு இருந்தேன். ரெண்டு நிமிஷம் உக்காருங்க. ஒண்ணும் சொல்ல வேணாம்.

ரிங்கு போவுது சார். காலர் டியூன்ல முருகன் பாட்டு வெச்சிருக்காங்க. வெண்ணிலா வெச்சிருக்கும்.

...

கட் பண்ணிட்டாங்க.

பாத்தீங்களா? நான் சொல்லல? மனப்பாடம்னா மனப்பாடந்தான். பரவால்ல சார். டீக்கு தேங்க்ஸ். கல்யாணத்த நல்லபடியா முடிங்க. எவ்ளோ பெரிய சண்டக்காரங்களா இருந்தாலும் நேர்ல போய் வெய்யுங்க. ஆஸ்பத்திரி லெட்டரு வந்ததும் வேணு சார் குடுத்தனுப்புவாரு. இன்னாது? ஆஃப் பண்ணாதேன்றீங்களா? ஏன், இந்தப் பட்டன இப்பதான்...

சார், அடிக்குது.

அக்கா நம்பரு.

அலோ. அக்கா... ம். நாந்தான்... இல்ல, ஆஃப் பண்ணல. இந்த வாட்டி ஆஃப் பண்ண மாட்டேங்கா... அன்னிக்கா? நீ கூப்பிட்டியா? எத்தினி வாட்டி?... ஐயோ, அது அரிசிப் பானையில இருந்துச்சிக்கா... நெஜமாத்தான்... நீ ஏன் இத யாருகிட்டயும் சொல்லல?... ஓ, கிருஷ்ணவேணிகிட்டகூட சொல்ல மாட்டியா, அவ்ளோ ரோஷமா... சிரிக்காத. நீயுந்தான் இப்ப சிரிக்கற, நான் படியெறங்கிப் போயிட்டனா?

இன்னா? எந்தக் கிருஷ்ணவேணி?... நானா? எனக்கெப்பிடித் தெரியும் அவ ஏன் இன்னும் போன் பண்ணலன்னு...

எப்போலேர்ந்துக்கா உனக்குத் தெரியும்?... மொத நாளேவா? வெல்லத்துலயேவா?... ஆமா, சின்ன வயசுல நீதான் எனக்கு மாத்திரய வெல்லத்துக்குள்ள வெச்சிக் குடுப்ப. வாய்ல அதான் வந்துச்சி. தெரிஞ்சிக்கினேதான் மாசாமாசம் என்கிட்டயே என்னப் போட்டு அந்தத் திட்டு திட்டனியா?... நல்லா இருக்குது உன் நியாயம்.

அழுவல. ஏசி ரூமு, சளி புடிச்சிக்கிச்சி.

கிருஷ்ணவேணி இன்னா சொல்றாளா? தட்ட எடுத்துக்கினு வரச் சொல்றாக்கா. கதவு தெறந்துதான் இருக்குமாம். பாப்பா உன் மடியிலதான் உக்காரும், இப்ப அதுக்கு பிஸ்கோத்து புடிக்காது...

எங்கேர்ந்தா? விழுப்புரத்துல போன் கம்பெனியில. இல்லக்கா, பக்கத்துல யாரும் இல்ல. ஒரு சார் இருந்தாரு, டீ கிளாஸ எடுத்துக்கினு, கதவ மெதுவா சாத்திட்டுப் போயிட்டாரு. நீ சொல்லு.